இஞ்சின் பே கழுவுறது: மூணு வருஷ அனுபவம், ஒரு காயில் செலவு

போன வாரம் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் "ஜி, வாட்டர் வாஷ்ல 200 ரூபா சேத்து குடுத்தா இஞ்சினும் கழுவித் தர்றாங்களாம், பண்ணலாமா"ன்னு கேட்டார். அரை மணி நேரம் பேசிட்டேன், பாவம் அவர் டீ ஆறிப்போச்சு. அதையே எழுதி வச்சிடுறேன்.

நம்ம வண்டி 2014 பெட்ரோல் ஹேட்ச்பேக், 90 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு, நிக்கிற இடம் வேப்பமரத்தடி. மூணு வருஷம் முன்னாடி பொங்கலுக்கு முந்தின வாரம் கழுவ விட்டேன். பையன் "அண்ணே, இஞ்சினும் அடிச்சு விட்றவா"ன்னான், நானும் போன்ல பேசிக்கிட்டே தலையாட்டிட்டேன். சூடு ஆறாத இஞ்சின் மேல பிரஷர் கன்ன வச்சு விளாசி, மேல டீசல் ஸ்ப்ரே வேற. பாக்க என்னமோ ஷோரூம் வண்டி மாதிரிதான் இருந்துச்சு. ரெண்டு கிலோமீட்டர் போகல, சிக்னல்ல நிக்கும்போது வண்டி குளிர் ஜுரம் வந்த மாதிரி உதறுது, செக் இஞ்சின் லைட் மின்னுது. அது சும்மா எரிஞ்சா கூட ஓட்டிட்டுப் போய் காட்டிக்கலாம், மின்னுச்சுன்னா ஓரங்கட்டிடணும், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை காலி பண்ணிடும்.

மெக்கானிக் ஸ்கேனர் போட்டார், பி0302ன்னு கோடு வந்துச்சு, ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியல. ஸ்பார்க் பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற இக்னிஷன் காயில புடுங்கிட்டு "இங்க பாருங்க சார்"னு டார்ச் அடிச்சார். ஸ்பார்க் பிளக் உக்காந்திருக்க குழி, கிணறு மாதிரி ஆழமா இருக்கும்ல, அதுக்குள்ள ஒரு விரக்கடை தண்ணி. அதுல டீசல் மிதந்து வானவில் கலர். ஊசி போடுற சிரிஞ்சுல டியூப் மாட்டி உறிஞ்சி எடுத்தார். காயில் போச்சு, 2,600 ரூபா.

அன்னையிலருந்து நானேதான். வண்டி ராத்திரி நின்னு ஆறினதுக்கு அப்புறம் காலைல பேட்டரி நெகட்டிவ கழட்டிருவேன். முதல்ல தண்ணியே கிடையாது, ப்ளோயர் மட்டும், கண்ணாடிக்குக் கீழ இருக்க கவுல்ல வேப்பிலை அடைச்சுக்கிட்டு இருக்கும், அத வாரிடணும், இல்லன்னா மழைத் தண்ணி வடியாம உள்ள இறங்கும். பேட்டரிய சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர் வாய், இஞ்சினோட கம்ப்யூட்டரான ஈசியூவோட கனெக்டர், ஃபியூஸ் பாக்ஸ், இதுக்கெல்லாம் கேரி பேக் சுத்தி ரப்பர் பேண்ட். அப்புறம் ஏபிசி (ஆல் பர்ப்பஸ் கிளீனர்) லிக்விட்ல ஒண்ணுக்கு பத்து தண்ணி கலந்து பிரஷ் மேல அடிக்கணும், இஞ்சின் மேல இல்ல. அந்த பிரஷ்தான் நம்ம ஹீரோ. 40 ரூபா பெயிண்ட் பிரஷ், 2 இஞ்ச், முடிக்கு மேல இருக்க தகரத்துல இன்சுலேஷன் டேப் சுத்திட்டா கீறாது. காயில் பக்கம் ஈரத் துணி மட்டும்தான். கடைசில ப்ளோயர், அப்புறம் பானட்ட தொறந்து போட்டுட்டு டிபன் சாப்பிடப் போயிடுவேன். எல்லாம் காஞ்சதுக்கு அப்புறம்தான் நெகட்டிவ்.

ஒரு தடவ ஆல்டர்னேட்டர் கவர கழட்ட மறந்து ஸ்டார்ட் பண்ணிட்டேன். படபடன்னு சத்தம், ஜவுளிக்கடை பேரு போட்ட கவர் பெல்ட்ல மாட்டி சுக்கு சுக்கா பறக்குது, வீட்டம்மா மாடில இருந்து சிரிக்கிறா. இப்பல்லாம் கவர எண்ணி மாட்டி எண்ணி கழட்டுறேன்.

எதிர்பாக்காத சந்தோஷம் ஒண்ணு. போன வருஷம் துடைக்கும்போது ரேடியேட்டர் மேல் ஹோஸ் கிளாம்ப் ஓரத்துல உப்பு பூத்த மாதிரி ஏதோ வெள்ளையா தடவுச்சு. இஞ்சின் சூட்டத் தணிக்கிற கூலண்ட் கசிஞ்சு காஞ்ச கறை. கிளாம்ப மாத்தினேன், அவ்வளவுதான் செலவு. அழுக்கோட இருந்திருந்தா ஹைவேல டெம்பரேச்சர் முள்ளு சிவப்பத் தொடும்போதுதான் தெரிஞ்சிருக்கும். ரப்பர் ஹோஸ் மேல டீசல் பட்டா உப்பி மெத்துன்னு ஆயிடும், வாட்டர் வாஷ் பையன் டீசல் அடிச்ச 'பளபளப்பு' வேலையில இந்தக் கெடுதலும் சேத்தி.

இவ்வளவும் பண்ணிட்டு சர்வீஸுக்கு விட்டா அங்க வயித்தெரிச்சல். எந்த சர்வீஸ் சென்டர்னு சொல்லல, ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டுல 'இஞ்சின் டிரெஸ்ஸிங்' ஏத்திடுவாங்க. வேணாம்னு பேனால அடிச்சுக் குடுத்தேன், பில்லுல இல்ல, ஆனா இஞ்சின்ல இருக்கு! சிலிக்கோன் ஸ்ப்ரே, பிசுபிசுன்னு. பத்து நாள்ல ரோட்டுத் தூசி மொத்தமும் அதுல அப்பி மாவு பிசைஞ்ச மாதிரி. அந்த நியாயத்துக்கு அவங்க ஆயில் மாத்துறது, பிரேக் பாக்குறது எல்லாம் சுத்தமா இருக்கு, குறை சொல்ல முடியாது. ஆனா அந்த ஸ்ப்ரே பாட்டில மட்டும் எவனாவது ஒளிச்சு வைங்கப்பா.

நண்பருக்கு என்ன சொன்னேன்னா, "ஜி, நீங்க பண்ணாதீங்க, இஞ்சின் அழுக்கா இருந்தா ஓடாமயா போயிடும்." நேத்து மறுபடி சர்வீஸ்ல இருந்து வண்டி வந்துச்சு, பானட் தொறந்தா அதே பிசுபிசுப்பு. இனிமே நானும் தொடுறதா இல்ல. ப்ளோயர வேற மச்சான் வாங்கிட்டுப் போயி ஒரு மாசம் ஆச்சு, ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து வாங்கிக்கிறேன்னு இப்பதான் மெசேஜ் போட்டேன்.