கோத்தகிரிப் பனிமூட்டத்தை எனக்குக் கொடுத்த கோடோ 4

மூன்று வருடமாக இரவு நேரங்களில் தனியாக ஒரு கேம் செய்துவருகிறேன். கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குத் தபால் கொண்டுபோகும் ஒருவரின் கதை. நடப்பது, பேசுவது, கடிதம் கொடுப்பது எல்லாம் எப்போதோ வேலை செய்யத் தொடங்கிவிட்டன. பார்வைக்கு மட்டும் அது எங்கள் மலையாக இல்லை. கடந்த எட்டு மாதமாக அதைச் சரிசெய்யும் வேலைதான். அதற்குப் பயன்பட்ட கோடோ 4 என்ற கேம் இன்ஜினைப் (கேம் உருவாக்கும் மென்பொருளை) பற்றி எழுதுகிறேன். இலவசம், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் விடும் எம்.ஐ.டி. உரிமம், 4.0 வெளிவந்தது 2023 மார்ச்சில்.

முதலில் பனிமூட்டம். எங்கள் ஊரில் அது வெள்ளைத் துணி போர்த்தியதுபோல் எங்கும் ஒரே அளவாக வராது. பள்ளத்திலிருந்து மேலேறும். லைன் வீடு மறைந்திருக்கும், சில்வர் ஓக் மரத்தின் உச்சி மட்டும் தெரியும். கோடோவில் இதற்கு இரண்டு வழி உண்டு. தூரம் கூடக் கூட அடர்த்தியாகும் சாதாரண ஃபாக் ஒன்று. வெளிச்சத்தை வாங்கிக்கொண்டு காற்றில் நிற்கும் வால்யூமெட்ரிக் ஃபாக் இன்னொன்று. சாதாரண ஃபாக்கிலேயே ஏரியல் பெர்ஸ்பெக்டிவ் என்றொரு அளவு இருக்கிறது. அதை ஏற்றினால் தூரத்து மலைகள் வானத்தின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். கோடநாடு காட்சிமுனையில் நின்றால் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளுத்துக்கொண்டே போகுமே, அது அந்த ஒரு அளவிலேயே முக்கால்வாசி வந்துவிட்டது.

பள்ளத்துப் பனிக்கு ஃபாக் வால்யூம். பெட்டியாகவோ நீள்உருண்டையாகவோ ஒரு இடத்தைக் குறித்து, அங்கே மட்டும் பனியை நிறுத்தலாம். எனக்கு மிகவும் பிடித்தது, அடர்த்திக்கு மைனஸ் மதிப்பு கொடுக்க முடிவதுதான். கதவு சாத்திய வீட்டுக்குள்ளும் பனி புகுந்து அடுப்படி மங்கலாகத் தெரிந்துகொண்டிருந்தது. வீட்டளவுக்கு ஒரு மைனஸ் பெட்டி வைத்தேன், உள்ளே தெளிந்துவிட்டது. இரண்டு வாரமாக ஷேடரில் (நிறத்தையும் ஒளியையும் கணக்கிடும் சிறு நிரலில்) முட்டிக்கொண்டிருந்த பிரச்சினை அது.

அப்புறம் நிறம். இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த என் அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, எல்லாச் செடியும் ஒரே பச்சையா இருக்கு? கொழுந்து வெளுப்பாத்தானே இருக்கும், முத்தின இலைதானே கரும்பச்சை" என்றார். மேல்பக்க இலைகளுக்கு இளமஞ்சள் கலந்தேன், கவாத்து முடிந்த சரிவில் இலையே இல்லாமல் குச்சிகளை மட்டும் விட்டேன். ஆனாலும் வெயில் பட்டால் பச்சை கண்ணைக் குத்தியது. 2025 மார்ச்சில் வந்த 4.4-இல் ஏ.ஜி.எக்ஸ். என்ற டோன்மேப்பர் (காட்சியின் வெளிச்சத்தைத் திரைக்கேற்ற நிறமாக மாற்றும் முறை) சேர்ந்தது. அதற்கு மாற்றியதும் பிரகாசமான இடங்களில் நிறம் இயல்பாக வெளுத்து அடங்கியது. கேம் செய்பவர்கள் மாடல்களைத் திருத்துவதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள்.

ஒரே மாடலைப் பல பிரதிகளாக ஒரேயடியாக வரையும் மல்டிமெஷ், பல்லாயிரம் தேயிலைச் செடிகளைச் சிரமமில்லாமல் வரைகிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ஒரு மல்டிமெஷ்ஷில் ஒரு செடி திரையில் தெரிந்தாலும் அதிலுள்ள அத்தனையும் வரையப்படும். அதனால் சரிவுக்கு ஒன்றாகப் பிரித்தேன்.

குறைகளும் உண்டு. வால்யூமெட்ரிக் ஃபாக் முந்தைய ஃப்ரேம்களை (சற்றுமுன் வரைந்த படங்களை) கலந்தே மிருதுவாகத் தெரிகிறது. எனவே தபால்காரர் டார்ச்சை வேகமாகத் திருப்பினால் பனியில் வெளிச்சத்தின் வால் இழுபடும். கலப்பைக் குறைத்தால் பனி மினுக்குகிறது. கடைசியில் டார்ச்சுக்கு மட்டும் ஃபாக்கின் மேல் படும் ஆற்றலைச் சுழியமாக்கி, மெல்லிய கூம்பு வடிவ மெஷ் ஒன்றை ஒளிக்கற்றையாக வைத்தேன். சரியாக இருக்கிறது, ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலைதான்.

பெரிய குறை, இந்த வால்யூமெட்ரிக் பனி, கோடோ காட்சியை வரையும் மூன்று முறைகளில் ஃபார்வர்ட் பிளஸ் முறையில் மட்டுமே வரும். மொபைல், கம்பாட்டிபிலிட்டி முறைகளில் கிடையாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் இருப்பது பெரும்பாலும் பழைய லேப்டாப்பும் போனும்தான், அவர்கள் விளையாடாமல் இந்தக் கேம் எனக்கு எதற்கு? அதனால் சாதாரண ஃபாக்கும், பள்ளத்தில் மெதுவாக நகரும் சில பனிப்படலத் தாள்களுமாக இரண்டாவது அமைப்பு ஒன்றைத் தனியாகச் செய்கிறேன். லைன் வீட்டுப் பள்ளம் அதில் முடிந்துவிட்டது, ஆற்றோரக் காட்சி இன்னும் பாக்கி.