15 ஆம்ப் பிளக்கில் கார் சார்ஜ்: 14 மாதம் ஓட்டிய பிறகு எழுதுகிறேன்

டாடாவின் மின்சார கார் டியாகோ ஈவி, 24 யூனிட் பேட்டரி உள்ள மாடல், எடுத்து 14 மாதம் ஆகிறது. வீடு ஸ்ரீரங்கம், வேலை துவாக்குடி பக்கம், போக வர 45 கிலோமீட்டர். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கவில்லை. காரோடு வரும் போர்ட்டபிள் சார்ஜரை போர்ட்டிகோவில் இருக்கும் ஒரு பவர் பிளக்கில் சொருகித்தான் இத்தனை நாளும் ஓட்டுகிறேன். கடையில் 16 ஆம்ப் என்று அச்சடித்திருக்கும், எலெக்ட்ரீசியன்கள் பதினஞ்சு ஆம்ப் என்பார்கள், இரண்டும் ஒரே பிளக்தான். அயர்ன் பாக்ஸுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போடுகிறோமே, அதேதான். அதில் கார் சார்ஜ் செய்வது சரியாக வருமா, ஆபத்தா, கரண்ட் பில் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள், அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நேரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தான், பயப்படத் தேவையே இல்லாததும் அதுதான். 10 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற 8.7 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது, என் வீட்டிலும் கிட்டத்தட்ட அதுதான் வருகிறது. ஆனால் யார் தினமும் காலி பேட்டரியோடு வீட்டுக்கு வருகிறார்கள்? 45 கிலோமீட்டர் ஓட்டினால் நான் தனியாக மாட்டியிருக்கும் சப்-மீட்டரில் ஐந்தரை யூனிட் ஓடுகிறது. சார்ஜர் இழுப்பது 12 ஆம்ப் சொச்சம், அதாவது மணிக்கு இரண்டே முக்கால் யூனிட். ஆக இரண்டு மணி நேரத்தில் அன்றைய ஓட்டம் திரும்ப ஏறிவிடுகிறது. இரவு பத்தரைக்குப் போட்டால் பன்னிரண்டரைக்கு முடிந்தது, நான் தூங்கிக் கொண்டிருப்பேன். இடையில் கரண்ட் போனாலும் வந்தவுடன் தானாக மறுபடி ஆரம்பித்துவிடுகிறது. சனிக்கிழமை கும்பகோணம் போய்விட்டு ராத்திரி வந்தால் மட்டும் விடிய விடிய ஓடும், அதனாலும் எனக்கு ஒரு சிரமமும் வந்ததில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். கார் வந்த மூன்றாவது வாரம், அப்படி ஒரு நீண்ட சார்ஜ் இரவில், விடியற்காலை ஐந்து மணி இருக்கும், அம்மா கோலம் போட வெளியே வந்தவர் உள்ளே ஓடிவந்து எழுப்பினார். "டேய், போர்ட்டிகோவுல என்னமோ கருகுற வாசம் வருதுடா." போய்ப் பார்த்தால் பிளக்கைத் தொட முடியவில்லை. மெயினை அணைத்துவிட்டு ஆறவிட்டுப் பிடுங்கினேன். சாக்கெட்டில் வலது பக்கத் துளையைச் சுற்றிப் பழுப்பாக உருகியிருந்தது, சார்ஜர் பிளக்கின் அந்தக் காலும் கறுத்துப் போயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் யாரும் பார்க்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

எனக்கு அன்றைக்குப் புரியாதது ஒன்றுதான்: போர்டில் இருக்கும் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச், ஏன் விழவில்லை? வந்து பார்த்த எலெக்ட்ரீசியன் அண்ணன்தான் விளக்கினார். எம்சிபி பார்ப்பது கரண்ட் அளவை மட்டும். 16 ஆம்புக்கு மேல் போனால் அல்லது ஷார்ட் ஆனால் விழும். என் வீட்டில் ஓடியது 12 ஆம்ப்தான், அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பிரச்சினை சாக்கெட்டுக்கு உள்ளே. பதினோரு வருடம் வாஷிங் மெஷினைச் சொருகிப் பிடுங்கி அந்தப் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தது. பிளக்கின் காலை இறுக்கிப் பிடிக்காமல் ஒரு ஓரத்தில் மட்டும் தொட்டுக் கொண்டிருந்தால் அந்த இடத்தில் ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்ட் ஓட்டத்துக்கு எதிர்ப்பு, கூடும். வெறும் 0.1 ஓம் என்று வையுங்கள், 12 ஆம்ப் ஓடும்போது 14 வாட் சூடு அந்த ஒரு துளைக்குள் உண்டாகும். ஒரு சின்ன சாலிடரிங் அயர்னில் பாதி சூடு, பிளாஸ்டிக்குக்கு நடுவில், எட்டு மணி நேரம். அயர்ன் பாக்ஸ் ஒரு நிமிடம் இழுக்கும், சூடானதும் நிற்கும். வாட்டர் ஹீட்டர் பதினைந்து நிமிடம். கார் அப்படி இல்லை, முழு இரவும் ஒரே அளவில் இழுத்துக் கொண்டே இருக்கும், வேறு எந்த வீட்டுச் சாமானும் இந்த பிளக்கை இப்படி வேலை வாங்கியதில்லை. சூட்டில் பித்தளைப் பிடி இன்னும் தளரும், தளரத் தளர இன்னும் சூடாகும்.

சுவரைத் திறந்து பார்த்தபோது கதை இன்னும் மோசம். அந்த பிளக்குக்கு போர்டிலிருந்து தனி வயரே இல்லை. மோட்டார் சுவிட்சிலிருந்து லூப் எடுத்து, அதாவது அங்கிருந்தே ஒரு கிளை பிரித்து, அதுவும் 1.5 எம்எம் வயரில், நடுவில் ஒரு முறுக்கு ஜாயிண்ட், மேலே டேப். வீடு கட்டும்போது வயரிங் செய்தவர் வாஷிங் மெஷினுக்கு இது போதும் என்று நினைத்திருப்பார், அது போதவும் செய்தது. பவர் பிளக்குக்குக் குறைந்தது 2.5 எம்எம் ஓட வேண்டும் என்பது அப்போது எனக்கும் தெரியாது.

நான் மாற்றியதைச் சொல்கிறேன். மெயின் போர்டிலிருந்து நேராக 4 எம்எம் காப்பர் வயர், நடுவில் ஒரு ஜாயிண்டும் இல்லாமல், இந்த ஒரு பிளக்குக்கு மட்டும். 2.5 எம்எம்மே போதும் என்றார் அண்ணன், ஆனால் தூரம் 18 மீட்டர் இருந்தது, இழுப்பதே இழுக்கிறோம் என்று தடித்ததையே போடச் சொன்னேன். தனியாக ஒரு 16 ஆம்ப் எம்சிபி. அவர் 20 போடலாம், மே மாத வெயிலில் 16 விழுந்துகொண்டே இருக்கும் என்றார். சாக்கெட் தாங்குவது 16 என்னும்போது எம்சிபி அதற்கு மேல் ஏன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். இரவில்தான் சார்ஜ் போடுகிறேன் என்பதாலோ என்னவோ, இரண்டு கோடை போயும் ஒரு தடவைகூட விழவில்லை. எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் உடனே அணைத்துவிடும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி ஒன்று. அப்புறம் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல சாக்கெட், கடையிலேயே ஒரு பிளக்கை வாங்கிச் சொருகிப் பார்த்து, பிடுங்கக் கொஞ்சம் பலம் கொடுக்க வேண்டியதாக இருந்ததை எடுத்தேன். கறுத்துப் போன பிளக்கைத் தேய்த்துவிட்டுத் திரும்பப் பயன்படுத்த நினைக்காதீர்கள், அது புது சாக்கெட்டையும் கெடுக்கும். மொத்தச் செலவு கூலியோடு ஒன்பதாயிரத்தை நெருங்கியது. காருக்குக் கொடுத்த பணத்தோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை, முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

வித்தியாசம் தெரிய வேண்டுமென்றால் ஒரு மல்டிமீட்டர் போதும். பழைய வயரிங்கில் சார்ஜ் போடாதபோது 226 வோல்ட், போட்டதும் 212. பதினான்கு வோல்ட் வழியில் காணாமல் போகிறது என்றால், 12 ஆம்பில் அது கிட்டத்தட்ட 170 வாட், அத்தனையும் வயரிலும் ஜாயிண்டிலும் சாக்கெட்டிலும் சூடாகத்தான் போகிறது. இப்போது 226, போட்டதும் 221. உங்கள் வீட்டில் இந்த வித்தியாசம் பத்து வோல்டைத் தாண்டினால் எங்கோ ஒரு இணைப்பு சரியில்லை என்று எடுத்துக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வையுங்கள். வெதுவெதுப்பு என்றால் சரி. கையை எடுக்கத் தோன்றினால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வேலை செய்ய மறுக்கும். அது சார்ஜரின் கோளாறு இல்லை, அது செய்ய வேண்டிய வேலையே அதுதான். நம் ஊரில் பழைய வீடுகளில் எர்த் குழி தோண்டி உப்பும் கரியும் போட்டு மூடியதோடு சரி, பிறகு யாரும் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. கோடையில் மண் காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும். எங்கள் வீட்டிலும் முதல் ஏப்ரலில் இரண்டு நாள் சிவப்பு விளக்கு எரிந்தது, குழியில் நான்கு குடம் தண்ணீர் ஊற்றி, துருப்பிடித்த கிளாம்ப்பை மாற்றியதும் சரியானது. ஆனால் சிலர் செய்வது என்னவென்றால், சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) எர்த்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துவிடுகிறார்கள், சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டிவிடும். "அஞ்சு நிமிஷ வேலை சார்" என்று எனக்கும் ஒருவர் சொன்னார். தயவுசெய்து இதைச் செய்யவே செய்யாதீர்கள், செய்கிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள். எங்காவது அந்த நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் நேராகக் காரின் பாடிக்கு வரும். ஈரத் தரையில் நின்றுகொண்டு கதவைத் திறப்பது உங்கள் பிள்ளையாக இருக்கலாம்.

மற்ற விஷயங்கள் சிறியவை. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டாம், எவ்வளவு நல்ல பாக்ஸாக இருந்தாலும். சார்ஜரின் கட்டுப்பாட்டுப் பெட்டி எடை உள்ளது, அது பிளக்கிலிருந்து தொங்கினால் பிளக்கை ஒரு பக்கமாக இழுத்து அதே தளர்வைத்தான் கொண்டுவரும், அதனால் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள். ஐப்பசி மழைக்கும் அதுவே நல்லது, தரையில் தண்ணீர் தேங்கினாலும் பெட்டி மேலே இருக்கும். எடுக்கும்போது முதலில் காரில் சொருகியிருக்கும் சார்ஜிங் கன் என்ற கைப்பிடியைக் கழற்றி, அப்புறம் சுவிட்சை அணைத்து, கடைசியாகப் பிளக். ஓடிக் கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் பொறி பறக்கும், கால்கள் கருகும். நான் பிளக்கைத் தினமும் பிடுங்குவதே இல்லை, சுவிட்சை மட்டும் அணைக்கிறேன்.

பில் கணக்குக்கு வருவோம், இங்கேதான் பலர் தப்பாகக் கணக்குப் போடுகிறார்கள். "யூனிட் நாலரை ரூபாய்தானே, கிலோமீட்டருக்கு ஐம்பது காசு" என்று சொல்வார்கள். நம் மின்வாரியக் கணக்கு அப்படி இல்லை, இரண்டு மாதத்துக்கு மொத்த யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். கார் குடிக்கும் யூனிட் வீட்டு யூனிட்டுக்கு மேலே போய் உட்காரும், அதனால் உங்கள் ஸ்லாபில் உச்ச விலைதான் அதற்கு. எங்கள் வீட்டில் காருக்கு முன் இரண்டு மாதத்துக்கு 430 யூனிட், இப்போது 690. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 401 முதல் 500 வரை யூனிட்டுக்கு 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65. தவிர மொத்தம் 500ஐத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த சலுகை விலையும் போய்விடும். எல்லாம் சேர்த்து, காரின் 260 யூனிட்டுக்கு அந்தக் கணக்கில் சுமார் 2,400 ரூபாய். அதில் ஓடுவது 2,150 கிலோமீட்டர் சொச்சம். கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் பத்துக் காசு. என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 18 கொடுத்தது, லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் இதே தூரத்துக்குப் பன்னிரண்டாயிரம். நாலரை ரூபாய்க் கணக்கு தப்பு, ஆனால் சரியான கணக்கே மனது நிறையும்படிதான் இருக்கிறது. வீட்டில் கார் சார்ஜ் போட மின்வாரியத்திடம் தனி லைசென்ஸ் எதுவும் வேண்டாம், 2018லேயே மத்திய மின்துறை அதைத் தெளிவுபடுத்திவிட்டது. மூன்று ஃபேஸ் உள்ள வீடு என்றால் ஏசி ஒரு ஃபேஸிலும் சார்ஜர் வேறு ஃபேஸிலும் இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

யாருக்கு இது பத்தாது? நெக்ஸான் மாதிரி 40 யூனிட் பேட்டரி காரில் தினமும் பேட்டரி காலியாகும் அளவுக்கு ஓட்டுகிறவர்களுக்குப் பத்தாது. அந்த பேட்டரி இந்த பிளக்கில் நிறைய 15 மணி நேரம் ஆகும், அவர்கள் 7.2 கிலோவாட் போட்டுக்கொள்வதுதான் சரி. வாடகை வீடு என்றால் தனி வயர் இழுக்க முதலில் வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இருக்கிற பிளக்கில் போட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். மற்றபடி தினம் 50, 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவர்களுக்கு இந்த சாதாரண பிளக் தாராளமாகப் போதும். சார்ஜருக்கும் பிளக்குக்கும் 5க்கு 4 கொடுப்பேன். என் வீட்டுப் பழைய வயரிங்குக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன்.

மதுரையில் மச்சான் போன மாதம் கார் புக் செய்திருக்கிறார். நான் போனபோது அவர் வீட்டு எலெக்ட்ரீசியனை வரவழைத்து, பார்க்கிங்கில் இருக்கும் பிளக்கில் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஆர்சிசிபி உள்ள வீட்டில் இந்தச் சோதனையில் அது உடனே விழுந்துவிடும், அவர் வீட்டில் அதுவும் இல்லை. எர்த் நன்றாக இருந்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். சிவப்புக் கம்பி தெரிகிற அளவுக்கு மங்கலாகத்தான் எரிந்தது. கார் வர இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது, புது எர்த் குழிக்கு ஆள் சொல்லியாகிவிட்டது.