கையால் செய்த பில்லியர்ட்ஸ் கோல்: சென்னையில் சேகரிக்க எது தகும்?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னையில் இருந்துகொண்டு கைவினைக் கோல்களைச் சேகரிக்க நினைப்பவர் முதலில் வாங்க வேண்டியது, ஆஷ் மரத்தில் கருங்காலி சேர்த்துக் கையால் செய்த ஸ்னூக்கர் கோல். அடுத்தது, இன்று தொழில் செய்துகொண்டிருக்கும் ஒருவரிடம் சொல்லிச் செய்விக்கும் அமெரிக்கப் பாணிக் கோல், அதாவது பூல் ஆட்டத்துக்கான கோல். பெயர்பெற்ற பழைய அமெரிக்கக் கோல் கடைசியில்தான். பதினோரு ஆண்டுகளில் ஒன்பது கோல்களைச் சேர்த்த பிறகு வந்த முடிவு இது. தொடங்கியபோது இந்த வரிசையை அப்படியே தலைகீழாக வைத்திருந்தேன்.

பழைய அமெரிக்கக் கோல் என்றதும் எல்லோர் வாயிலும் வரும் பெயர் ஜார்ஜ் பலபுஷ்கா. 1912-இல் ரஷ்யாவில் பிறந்து, 1924-இல் அமெரிக்காவில் குடியேறியவர். மர வேலையில் ஊறிய கை. 1959-இல் கோல் செய்யத் தொடங்கி 1975-இல் இறக்கும்வரை செய்தார். பிரன்ஸ்விக் நிறுவனத்தின் டைட்லிஸ்ட் என்ற ஒற்றைத் துண்டுக் கோல்களை வாங்கி, வெட்டி, மறுபடி கடைந்து, நடுவில் திருகு வைத்து, கைப்பிடியில் ஐரிஷ் லினன் நூல் சுற்றித் தன் கோலாக்கினார். பிறகு கஸ் சாம்போட்டி போன்ற மற்றக் கோல் தொழிலாளர்கள் செய்து தந்த கட்டைகளையும் பயன்படுத்தினார். அலங்காரம் மிகக் குறைவு. கையில் எடுத்தால் எடை எங்கே நிற்கிறது என்பதில்தான் அவருடைய திறமை தெரியும் என்று ஆடியவர்கள் சொல்கிறார்கள்.

வாங்குபவருக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அவர் செய்த கோல்களில் பெரும்பாலானவற்றில் அவர் பெயர் இல்லை. அவர் மறைந்த பிறகு உரிமம் பெற்றுத் தொழிற்சாலையில் செய்த கோல்களிலோ பெயர் அழகாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது. பெயர் இருந்தாலும் சந்தேகம், இல்லாவிட்டாலும் சந்தேகம். திருகின் வகை, வளையங்களின் வரிசை, அடிமூடியின் வடிவம் ஆகியவற்றை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு நூறு கோல்களையாவது கையில் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். நாம் இங்கே உட்கார்ந்துகொண்டு புகைப்படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புகிறோம்.

அதைவிடப் பெரிய தடை தந்தம். 1970, 1980களின் உயர்தரக் கோல்களில் இணைப்பு வளையம், நுனி வளையம், பதிப்பு வேலை எல்லாவற்றிலும் யானைத் தந்தம் தாராளமாக இருக்கும். ஆப்பிரிக்க யானைத் தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கான சைட்ஸ் ஒப்பந்தம் 1990 முதல் தடுத்தது. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்தத்தையும் தடைக்குள் கொண்டுவந்தது. கோலில் இருப்பது நகக்கண் அளவு வெள்ளையாக இருந்தாலும் சட்டத்துக்கு அது தந்தம்தான்.

இதை நான் அனுபவித்தே கற்றேன். வெளிநாட்டு வியாபாரி ஒருவர் 1980களின் கோல் ஒன்றை விற்பதாகச் சொன்னார். வெள்ளை வளையம் எலும்பு என்று எழுதியிருந்தார். முன்பணம் அனுப்பிவிட்டேன். பிறகு இணைப்பு வாயை நேராக வைத்து எடுத்த படம் ஒன்றைக் கேட்டு வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். திருகைச் சுற்றியிருந்த வெள்ளை வட்டத்தில் மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, கோலப்பொடியால் இழைத்த வலை போலத் தெரிந்தன. எலும்பில் புள்ளிகளும் கீற்றுகளும் இருக்கும். இந்தக் குறுக்கு வலை இருக்காது. ஷ்ரேகர் கோடுகள் என்று பெயர். தந்தத்தின் அடையாளம் அது. வேண்டாம் என்று எழுதினேன். முன்பணம் திரும்பி வரவில்லை. அதற்காக இன்றும் வருந்தவில்லை. அந்தக் கோல் சுங்கத்தில் சிக்கியிருந்தால் பணத்தோடு முடிந்திருக்காது.

சொல்லிச் செய்விக்கும் கோலில் இந்தப் பயம் இல்லை. தந்தத்துக்குப் பதில் மைகார்ட்டா என்ற செயற்கைப் பொருளோ எருமைக் கொம்போ வைக்கச் சொல்லலாம். மரத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். பிரேசில் தோதகத்தி வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அந்த மரமும் 1992 முதல், பன்னாட்டு வணிகம் தடுக்கப்பட்ட சைட்ஸின் முதல் பட்டியலில் இருக்கிறது. காத்திருப்பு நீளம். நல்ல தொழிலாளி மேப்பிள் தண்டை ஒரே மூச்சில் கடைந்து முடிப்பதில்லை. கொஞ்சம் கடைவார், தொங்கவிடுவார், மரம் தன் போக்கில் வளைந்து அடங்கட்டும் என்று விடுவார், மாதக்கணக்கில் கழித்து மறுபடி கொஞ்சம் கடைவார். வளைந்தே தீருவேன் என்கிற தண்டு பாதி வழியில் தள்ளப்பட்டுவிடும். நான் சொல்லிச் செய்வித்த கோல் என் கைக்கு வரப் பதினேழு மாதம் ஆனது. ஆனால் 58 அங்குலம், 19 அவுன்ஸ், அதாவது சுமார் 540 கிராம் என்று நான் கேட்டபடியே வந்தது.

கையால் செய்தது எது, இயந்திரம் செய்தது எது என்று பிரித்தறிவதில்தான் அமெரிக்கக் கோலும் ஆங்கிலேய ஸ்னூக்கர் கோலும் வேறுபடுகின்றன. இரண்டிலும் வெளிர் மரத்துக்குள் கருமரம் கூர்முனைகளாக ஏறி நிற்கும். அமெரிக்கக் கோலில் முன்தண்டில் நீளவாக்கில் வி வடிவப் பள்ளம் வெட்டி, அதில் சதுரக் கட்டையின் விளிம்பைப் பொருத்தி ஒட்டுவார்கள். கடைந்தெடுத்தால் முனை ஊசி போல முடியும். சுற்றிலும் வண்ண மரத்தகடுகள் இருந்தால் அவையும் அதே கூர்மையில் வந்து கூட வேண்டும். கணினி இயந்திரம் குடைந்து பதித்த கோலிலோ, வெட்டும் கருவியின் பருமன் காரணமாக முனை மிக லேசாக உருண்டிருக்கும். ஆகவே அமெரிக்கக் கோலில் கூர்மையே நல்ல அறிகுறி.

ஆங்கிலேயக் கோலில் இது நேர் எதிர். அங்கே ஆஷ் தண்டின் அடிப்பகுதியை நான்கு பக்கமும் சாய்வாக இழைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கருங்காலிப் பலகையை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டுவார்கள். தட்டையான தளத்தை உருளையாக இழைக்கும்போது முனை வளைவாகத்தான் வரும், வாழைப்பூ மடலின் நுனி போல. நான்கு முனைகளும் மயிரிழை ஏறி இறங்கியிருக்கலாம். அதுதான் கை பட்டதற்குச் சாட்சி. பல் பல்லாகக் கூர்மையாக ஏறியிருந்தால் அது இயந்திரச் சேர்ப்பு. ஒரே அடையாளத்தை இரு கோல்களுக்கும் வைத்துப் பார்ப்பவர் இரண்டிலும் ஏமாந்துபோவார். நான் முதலில் வாங்கிய ஸ்னூக்கர் கோல் அப்படித்தான் வந்தது. முனைகள் ஊசியாக இருக்கின்றன என்று மகிழ்ந்து அதிக விலை கொடுத்தேன்.

ஆஷ் கோலை முதலிடத்தில் வைப்பதற்கு இன்னொரு காரணம், அதில் மறைக்க எதுவும் இல்லை. பதிப்பு வேலை இல்லை, நூல் சுற்று இல்லை. தண்டைத் திருப்பிப் பிடித்தால் மர ரேகைகள் அம்பு முனைகளாக ஒன்றன்மேல் ஒன்று ஏறிப்போவது தெரியும். ஆடுபவர் அந்த அம்புகள் மேலே தெரியும்படி கோலைப் பிடிப்பார். மரமே அலங்காரம். மேலும், இது நம் மண்ணோடு ஒட்டிய ஆட்டம். 1875-இல் ஜபல்பூரில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடையே பிறந்த ஸ்னூக்கருக்கு 1882-இல் விதிகள் முறையாக வகுக்கப்பட்டது நம் உதகமண்டலத்து கிளப்பில். சென்னையில் ஸ்னூக்கர் மேசைகளும் அதிகம், ஆடிப் பார்த்துக் குறை சொல்லத் தெரிந்தவர்களும் அதிகம். ஆடத் தெரிந்தவர் தொட்டுப் பார்க்காத சேகரிப்பு குருடன் கையில் கொடுத்த ஓவியம் போன்றது.

ஒரு வசதிக்குறைவு உண்டு. ஒற்றைத் துண்டு ஆஷ் கோலை விமானத்தில் கையில் எடுத்துப்போக விடமாட்டார்கள். சரக்கில் போட்டால் நீளப் பெட்டி வேண்டும். முக்கால் பாகத்தில் இணைப்பு வைத்த கோல் இதற்கு ஓரளவு தீர்வு.

இனி கடற்காற்று. பெசன்ட் நகரில் குடியிருந்தபோது மேப்பிள் தண்டு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் ஓதம் ஏறும் வெளிச்சுவர் அது. கார்த்திகையில் எடுத்துக் கண்ணாடி மேசையில் உருட்டினால், நடுவில் வெளிச்சம் எட்டிப் பார்த்து மறைந்தது. வளைந்துவிட்டது. நிமிர்த்த முடியவில்லை. அதன் பிறகு உட்சுவர் பக்கம் மட்டும் வைக்கிறேன், நேராக நிறுத்தியோ முழு நீளத்துக்கும் தாங்கல் கொடுத்துப் படுக்க வைத்தோ. பகலில் ஏசி, இரவில் நிறுத்தம் என்ற ஏற்ற இறக்கம் நிலையான ஈரத்தைவிடக் கெடுதல். ஸ்னூக்கர் கோலின் நுனியிலுள்ள பித்தளை வளையம் களிம்பு ஏறும். பூஜைப் பாத்திரம் போலப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். ஈரம் மரத்துக்குள் இறங்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

காட்சிக்கு வைப்பதிலும் மூன்று முறைகளைப் பார்த்துவிட்டேன். சுவர்ச் சட்டத்தில் கிளிப் வைத்து மாட்டுவது மலிவு, ஆனால் கோலின் ஒரு பக்கம்தான் தெரியும். நான்கு முனைகளில் இரண்டு எப்போதும் மறைவிலேயே கிடக்கும். கண்ணாடிப் பெட்டியில் படுக்க வைப்பது தூசிக்கு நல்லது, ஆனால் பார்ப்பவர் குனிந்தே பார்க்க வேண்டும். ஹாலஜன் விளக்கு போட்டால் பெட்டிக்குள் சூடேறி மரம் காய்ந்துபோகும், எல்.ஈ.டி. மட்டுமே சரி. கோலை நிமிர்த்தி நிறுத்திச் சுற்றிவந்து பார்க்கும்படியான தாங்கிதான் சிறந்தது. எனக்கு அப்படி ஒன்றை மயிலாப்பூர்ப் பக்கத்துக் கடைசல் பட்டறையில் ஆசாரி ஒருவர் வேங்கை மரத்தில் செய்து தந்தார். "உள்ளே கம்பளித் துணி ஒட்டாதீர்கள் சார், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்று சொல்லி, குழிகளுக்கு மெல்லிய தோல் வைத்தார்.

சென்ற மார்கழியில் நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய அரங்கில் இரண்டு நாள் காட்சி வைத்தோம். முதல் நாள் என் கோல்கள் கண்ணாடிக்குள் இருந்தன. கச்சேரிக்குப் போகும் வழியில் வீணை கற்பிக்கும் அம்மா ஒருவர் உள்ளே வந்தார். கருங்காலி முனைகளின் முன்னால் வெகு நேரம் நின்றார்.

"எங்கள் தஞ்சாவூர் வீணையிலும் முன்பெல்லாம் தந்த வேலைதான் தம்பி. இப்போது பிளாஸ்டிக். நாதம் ஒன்றும் குறையவில்லை," என்றார். பிறகு, "இதைத் தட்டிப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

பூட்டைத் திறந்து ஆஷ் கோலை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரல்களால் தளர்வாகத் தொங்கவிட்டு, நடுவில் மடக்கிய விரலால் ஒரு தட்டு தட்டினார். மணி போல இல்லை, ஆனால் தெளிவாக ஓர் ஒலி எழுந்து அடங்கியது. மேப்பிள் கோலைக் கேட்டு வாங்கினார். அதன் ஒலி இன்னும் சற்று மேலே நின்றது. வளைந்துபோன பழைய தண்டை, குறை காட்டுவதற்காகவே ஓரமாக வைத்திருந்தேன். அதையும் தட்டினார். அதுவும் நன்றாகவே ஒலித்தது. "இதற்கு ஒன்றும் ஆகவில்லையே," என்றார்.

மறுநாள் காலை பெட்டிகளின் கண்ணாடிகளைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டேன்.