டபிள்யூஎக்ஸ்கிரிட்: தரவைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாத அட்டவணை

மேசைக்கணினி மென்பொருளில் பயனர் வரிசை வரிசையாகத் தரவை உள்ளிடவும் திருத்தவும் விரிதாள் போன்ற ஓர் அட்டவணை வேண்டுமென்று கேட்பவர்களுக்கு, இலவசமாகக் கிடைப்பவற்றுள் நான் முதலில் சொல்வது டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் நூலகத்தோடு வரும் டபிள்யூஎக்ஸ்கிரிட்டைத்தான். ஜூலியன் ஸ்மார்ட் 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த சி++ நூலகம் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஆகிய மூன்றிலும் இயங்குகிறது. பைத்தானில் எழுதுபவர்கள் இதே அட்டவணையை டபிள்யூஎக்ஸ்பைத்தான் வழியாகப் பயன்படுத்தலாம். நூலகத்தின் 3.2 பதிப்பையும் அதற்கு இணையான டபிள்யூஎக்ஸ்பைத்தான் 4.2ஐயும் கருத்தில் கொண்டே இங்கு எழுதுகிறேன்.

இதைத் தொடங்குவது எளிது. கிரியேட்கிரிட் என்ற அழைப்பில் வரிசைகளும் நெடுவரிசைகளும் எத்தனை என்று சொல்லிவிட்டு, செட்செல்வேல்யூ மூலம் ஒவ்வொரு கட்டத்திலும் உரையை நிரப்பினால் போதும்; சில நிமிடங்களில் திரையில் அட்டவணை வந்துவிடும். பெரும்பாலான அறிமுகப் பாடங்கள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஏனெனில் இந்த வழியில் எல்லா மதிப்புகளும் உரைச்சரங்களாக அட்டவணைக்குள்ளேயே சேமிக்கப்படுகின்றன. மென்பொருளின் உண்மையான தரவு ஓரிடத்திலும் அதன் நகல் அட்டவணையிலும் இருக்க, இரண்டையும் ஒத்திசைய வைக்கும் வேலை நம் தலையில் விழுகிறது. சில நூறு வரிசைகளுக்கு இது பரவாயில்லை. அதற்கு மேல் போகும்போது பலர் இந்தக் கருவியே மெதுவானது என்று முடிவுகட்டிவிட்டு வேறொன்றைத் தேடிப் போகிறார்கள்.

கருவியின் உண்மையான பலம் கிரிட்டேபிள்பேஸ் என்ற அடிப்படை வகுப்பில் (கிளாஸ்) இருக்கிறது. அதிலிருந்து ஒரு வகுப்பை உருவாக்கி, எத்தனை வரிசைகள், எத்தனை நெடுவரிசைகள், குறிப்பிட்ட கட்டத்தின் மதிப்பு என்ன, பயனர் மாற்றிய மதிப்பை எங்கே எழுதுவது ஆகியவற்றுக்கு விடை சொல்லும் செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) எழுதிக் கொடுத்தால், அட்டவணை எதையும் சேமிப்பதில்லை; திரையில் தெரியும் பகுதியை வரையும் நேரத்தில் மட்டும் நம்மிடம் வந்து கேட்டுக்கொள்கிறது. டபிள்யூஎக்ஸ்பைத்தானின் செயல்விளக்கத் தொகுப்பில் 10,000 வரிசைகளும் 10,000 நெடுவரிசைகளும் கொண்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அதாவது 10 கோடிக் கட்டங்கள். அந்தச் சாளரம் தாமதமின்றித் திறப்பதற்குக் காரணம், அந்த 10 கோடியில் கண்ணுக்குத் தெரியும் சில நூறு கட்டங்களைத் தவிர வேறெதற்கும் நினைவகம் ஒதுக்கப்படாததுதான்.

வரிசைகளின் உயரத்திலும் இதே சிக்கனம் தெரிகிறது. எல்லா வரிசைகளும் ஒரே இயல்பு உயரத்தில் இருக்கும் வரை, உயரங்களுக்கென்று எந்தப் பட்டியலும் உருவாக்கப்படுவதில்லை. வரிசை எண்ணை உயரத்தால் பெருக்கியே இடம் கண்டுபிடிக்கப்படுகிறது. ஒரே ஒரு வரிசையின் உயரத்தை நாம் மாற்றினால்கூட, எல்லா வரிசைகளுக்குமான பட்டியல் உடனே உருவாகிவிடும். அதன் பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அந்த வரிசைக்குக் கீழே உள்ள அத்தனை வரிசைகளின் இடத்தையும் திருத்த வேண்டியிருக்கும். எனவே லட்சக்கணக்கான வரிசைகள் உள்ள திரையில் உயரத்தைத் தொடாமல் விடுவதே நல்லது. நெடுவரிசை அகலத்தை உள்ளடக்கத்துக்கேற்பத் தானாக அமைக்கும் ஆட்டோசைஸ்காலம்ஸ் அழைப்பையும் அங்கே தவிர்க்கச் சொல்வேன். அது ஒவ்வொரு கட்டத்தின் உரையையும் அளந்து பார்க்கிறது.

பைத்தானில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு கட்டத்தின் உரை நீளமாக இருந்து, அடுத்த கட்டம் காலியாக இருந்தால், உரை அதற்குள் வழிந்து ஓடுவதே இந்த அட்டவணையின் இயல்பு. அதைத் தீர்மானிக்கப் பக்கத்துக் கட்டங்கள் காலியா என்று அது கேட்கிறது. அதற்கான செயற்கூறை நாம் தனியே எழுதவில்லையென்றால், மதிப்பையே கேட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிறது. மதிப்பைத் தரும் செயற்கூறு ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்தில் வினவல் நடத்துமானால், உருட்டும்போது திரை திணறும். உரை வழிவதை நிறுத்திவிட்டு, தெரியும் பகுதியை ஒட்டிய சில நூறு வரிசைகளை மொத்தமாகப் படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெருமளவு தீர்ந்துவிடும்.

தரவு நம்மிடமே இருப்பதால் ஒரு கடமையும் சேர்ந்து வருகிறது. வரிசைகளைச் சேர்த்தாலோ நீக்கினாலோ, அந்த எண்ணிக்கையை கிரிட்டேபிள்மெசேஜ் என்ற அறிவிப்பின் வழியாக அட்டவணைக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் புதிய வரிசைகள் திரையில் வராது. நீக்கிய வரிசைகளுக்கு மதிப்புக் கேட்டு, நம் பட்டியலின் எல்லைக்கு அப்பால் போய்ப் பிழையும் எழும். ஆவணத்தில் இது சொல்லப்பட்டிருந்தாலும், இதன் முக்கியத்துவத்துக்கு உரிய அழுத்தம் அங்கே இல்லை.

திருத்தும் வசதிகள் நிறைவாக உள்ளன. எண், தசம எண், ஆம் அல்லது இல்லை, பட்டியலிலிருந்து தேர்வு, தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனி உள்ளீட்டுப் பெட்டிகள் தயாராக இருக்கின்றன. வேறு வகை வேண்டுமென்றால் நாமே எழுதிச் சேர்க்கலாம். மதிப்பு மாறுவதற்கு முன் ஒரு நிகழ்வும் மாறிய பின் மற்றொன்றும் எழுகின்றன. முன்னதில் நாம் மறுப்புத் தெரிவித்தால் பழைய மதிப்பே நிலைத்துவிடுவதால், சரிபார்ப்பைத் தூய்மையாக எழுத முடிகிறது. கட்டங்களை இணைப்பது, மேல் வரிசைகளையும் இடப்பக்க நெடுவரிசைகளையும் உருட்டும்போது நகராமல் உறையவைப்பது ஆகியவையும் உண்டு. தலைப்பைச் சொடுக்கினால் வரிசைப்படுத்தச் சொல்லும் நிகழ்வு வரும்; வரிசைப்படுத்தும் வேலை நம்முடையது. அதை நான் சரியென்றே கருதுகிறேன், ஏனெனில் தரவை அறிந்தது நம் நிரல்தான்.

இனிக் குறைகள். இதை விரிதாள் என்று எண்ணி வருபவர்கள் ஏமாறுவார்கள்: சூத்திரங்கள் கிடையாது, செய்ததைத் திரும்பப் பெறும் வசதி கிடையாது, வேறொரு விரிதாளிலிருந்து நகலெடுத்த பல கட்டங்களை ஒரே நேரத்தில் ஒட்டுவதற்கான நிரலையும் நாமே எழுத வேண்டும். முதல் இரண்டும் இல்லாததை ஏற்றுக்கொள்ளலாம். ஒட்டும் வசதி இல்லாததற்கு என்னால் நியாயம் காண முடியவில்லை, ஏனெனில் கட்டங்கள் நிறைந்த எந்தத் திரையைப் பார்த்தாலும் பயனர் முதலில் செய்து பார்ப்பது அதைத்தான். பைத்தானில் சிறிய கருவி ஒன்றைச் செய்பவர், ஒட்டுவதும் திரும்பப் பெறுவதும் உடனே வேண்டுமென்றால், பைத்தானோடு வரும் இடைமுக நூலகமான டிகேஇன்டரை அடிப்படையாகக் கொண்ட டிகேஷீட் என்ற அட்டவணையைப் பார்க்கலாம். அவ்விரண்டும் அதில் உள்ளமைந்தவை.

இதைவிடக் கடுமையானது தரவு இழப்புக்கு வழிவகுக்கும் ஒரு நடத்தை. பயனர் ஒரு கட்டத்தில் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே கருவிப்பட்டையில் உள்ள சேமி பொத்தானை அழுத்துகிறார் என்று கொள்வோம். கருவிப்பட்டை குவியத்தை, அதாவது விசைப்பலகை உள்ளீட்டை ஏற்கும் நிலையை, தன்பக்கம் இழுப்பதில்லை. உள்ளீட்டுப் பெட்டி திறந்தபடியே இருக்கும். அதில் உள்ள புதிய மதிப்பு நம் தரவுக்கு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. கோப்பில் பழைய மதிப்பு எழுதப்படும், திரையிலோ புதியது தெரியும். சேமிக்கும் செயற்கூறின் முதல் வரியிலேயே திறந்திருக்கும் உள்ளீட்டுப் பெட்டியை மூடும் டிசேபிள்செல்எடிட்கன்ட்ரோல் அழைப்பை வைத்துவிட வேண்டும். சாளரத்தை மூடும் இடத்திலும் அச்சிடும் இடத்திலும் இதே கவனம் தேவை.

தோற்றத்தைப் பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை. இந்த நூலகத்தின் பொத்தான்களும் பட்டியல்களும் அந்தந்த இயங்குதளத்தின் சொந்த உறுப்புகள். அட்டவணை மட்டும் நூலகமே வரைவது. அதனால் மூன்று தளங்களிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், எந்தத் தளத்திலும் முற்றிலும் இயல்பாகவும் இராது. உரை வரைவது இயங்குதளத்தின் பொறுப்பில் விடப்பட்டிருப்பதால் தமிழ் எழுத்துகள் உடையாமல் வருகின்றன.

உரிமத்தில் சிக்கல் இல்லை. எல்ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தோடு ஒரு விதிவிலக்கும் சேர்க்கப்பட்டிருப்பதால், நூலகத்தை உள்ளடக்கித் தொகுத்த மென்பொருளை நாம் விரும்பும் நிபந்தனைகளில், மூலநிரலை வெளியிடாமலேயே விநியோகிக்கலாம். விற்பனைக்கான மென்பொருளுக்கும் இது பொருந்தும்.