எஸ்எல்ஆர், இன்சாஸ், சிக்: தோளில் மாறிய ரைபிள்கள்

பட்டாளத்துக்குப் போகத் தயாராகும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எந்த ரைபிள் நல்லது?" என்றுதான். எந்த ரவுண்டு என்று முதலில் கேளுங்கடா என்பேன். ரைபிள் எப்படி உதைக்கும், எவ்வளவு கனக்கும், எவ்வளவு தூரம் போய் அடிக்கும் என்பதில் பாதிக்கு மேல் அந்தத் தோட்டாவிலேயே முடிவாகிவிடுகிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து 2020-ல் பென்ஷன் வந்தவன் நான். அதற்குள் இந்தியத் தரைப்படை தன் ரைபிளையும் ரவுண்டையும் இரண்டு முறை மாற்றியது.

வெலிங்டனில் ரெக்ரூட்டாகக் கையில் வாங்கியது எஸ்எல்ஆர் (செல்ஃப் லோடிங் ரைபிள்). 1962-ல் சீனாவோடு நடந்த போரில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுத்துத் தள்ள வேண்டிய பழைய .303 போல்ட் ரைபிளோடு போராடிய பிறகு வந்தது இது. பெல்ஜியத்தின் எஃப்ஏஎல்தான் மூலம். இங்கே இஷாப்பூரில் தயாரானது. ரவுண்டு 7.62×51 மி.மீ. முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது தோட்டா உறையின் நீளம். ஒரு மீட்டருக்கும் அதிக நீளம், மேகசினில், அதாவது தோட்டா அடைக்கும் கூட்டில், 20 ரவுண்டு, ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரே ஒரு குண்டு. ரைபிளின் பின்கட்டையைத் தோள் குழியில் இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் மறுநாள் பி.டி.யில் கையைத் தூக்க முடியாது. ஒல்லியான பையன்கள் உதையை நினைத்தே கண்ணை மூடிக்கொண்டு சுடுவார்கள். பயிற்சி தரும் உஸ்தாத் பின்னால் நின்று திட்டுவார். ஆனால் பட்டால் பட்டதுதான். எதிராளி மரத்துக்குப் பின்னால் ஒளிந்தாலும் அந்த ரவுண்டு மரத்தைப் பெரிதாக மதிக்காது.

அப்புறம் இன்சாஸ் வந்தது. 5.56×45 மி.மீ. ரவுண்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் சிரித்தோம், இவ்வளவு சின்னதா என்று. மலை ஏறும்போது சிரிப்பு போய்விட்டது. எஸ்எல்ஆர் ரவுண்டு ஒன்று கிட்டத்தட்ட 24 கிராம், இது சுமார் 12. நூறு ரவுண்டு தூக்கினால் 2.4 கிலோவுக்குப் பதில் 1.2 கிலோ. தண்ணீர், சாப்பாடு, போர்வை எல்லாம் முதுகில் ஏற்றிக்கொண்டு செங்குத்தாக ஏறுகிறவனுக்கு அந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். உதையும் குறைவு என்பதால் ரேஞ்சில் குரூப்பிங் அழகாக விழுந்தது. எஸ்எல்ஆரில் டார்கெட் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்த பையன்கள் இன்சாஸில் உள்ளங்கை அகலத்துக்குள் அடித்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் இன்சாஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

குறைகள் இல்லாமல் இல்லை. உள்ளே எத்தனை ரவுண்டு மிச்சம் என்று பார்க்க வசதியாக மேகசினைக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் செய்திருந்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் கடுங்குளிரில் அந்த பிளாஸ்டிக் விரிசல் விட்டது. 1999 கார்கிலில் இந்தப் புகார் பெரிதாக வெளியே வந்தது. கோத்தில் (ஆயுத அறையில்) ரைபிள் எடுக்கும்போதே மேகசினை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மயிரிழைக் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. சுடும்போது எண்ணெய் முகத்தில் தெறிக்கிறது என்ற புகாரும் உண்டு. ஒரே அழுத்தில் மூன்று ரவுண்டு போகும் பர்ஸ்டில் வைத்தால் சில துப்பாக்கிகள் நிற்காமல் சுட்டுக்கொண்டே இருந்தன. 2005-ல் நேபாள ராணுவம் மாவோயிஸ்டுகளோடு நடந்த சண்டையில் இன்சாஸ் கைவிட்டது என்றது. சரியாகப் பராமரிக்கவில்லை என்று இந்தியத் தரப்பு பதில் சொன்னது. என்னைக் கேட்டால் இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. பின்னால் வந்த துப்பாக்கிகள் பரவாயில்லை. குழலுக்குள் இழுத்துத் துடைக்கும் புல்த்ரூ கயிறும் துடைக்கும் துணியும் தினமும் பட்ட இன்சாஸ் எனக்கு ஒழுங்காகவே வேலை செய்தது. ஆனால் தினமும் துடைக்க நேரம் கிடைக்கிற இடத்திலா சண்டை நடக்கிறது?

காஷ்மீரில் பிரச்சினை வேறு. எதிராளியைக் காயப்படுத்தினால் அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டும், ஆக மூன்று பேர் சண்டையிலிருந்து விலகுவார்கள் என்பது 5.56-க்குச் சொல்லப்பட்ட நியாயங்களில் ஒன்று. சாகத் துணிந்து வந்த தீவிரவாதியை யார் தூக்கப் போகிறார்கள்? அடிபட்டவன் விழாமல் திருப்பிச் சுடுவான். அதனால் அங்கே தீவிரவாதிகளைத் தேடும் ராஷ்ட்ரிய ரைபிள்ஸ் படைப்பிரிவுக்குப் போனவர்கள் எல்லாம் ஏகே-யைத்தான் கேட்டு வாங்கினார்கள். அதன் ரவுண்டு 7.62×39. எம்எம்ஜி எனும் இயந்திரத் துப்பாக்கிக்குப் பழைய 7.62×51 எப்போதும் இருந்தது. ஆக ஒரே கம்பெனியில் மூன்று வகை ரவுண்டு. அவசரத்தில் பக்கத்தில் இருப்பவனிடம் ஒரு மேகசின் வாங்கிப் போட முடியாது.

2011-ல் பேரலை (குழலை) மாற்றி இரண்டு வகை ரவுண்டும் சுடும் ரைபிள் வாங்க டெண்டர் விட்டார்கள். 2015-ல் அது ரத்தானது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

2019-ல் 72,400 சிக் 716 வாங்க அமெரிக்க நிறுவனத்தோடு ஒப்பந்தம் ஆனது. அந்த ஆண்டு இறுதியில் வரத் தொடங்கியது. சர்வீஸின் கடைசிக் கட்டத்தில் எனக்கும் சுடக் கிடைத்தது. மறுபடியும் 7.62×51! தோளுக்குப் பழைய உறவு. நல்ல வேலைப்பாடு, எஸ்எல்ஆரைவிடக் கையடக்கம், 500 மீட்டருக்கு நம்பிச் சுடலாம். சிக்கல் விரல்களுக்குத்தான். இன்சாஸில் சுடத் தயார்படுத்த இழுக்கும் காக்கிங் ஹேண்டில் இடது பக்கம், மேகசினைக் கழற்ற அதன் பின்னால் இருக்கும் லீவரை அழுத்த வேண்டும். சிக்கில் ஹேண்டில் பின்பக்கம், மேகசினுக்கு ஒரு பட்டன். பகலில் இரண்டே நாளில் பழகிவிடும். இருட்டில் கை தானாகப் பழைய இடத்துக்கே போகும். இருபது வருஷப் பழக்கம் ஒரு கேடரில் (சிறு பயிற்சி வகுப்பில்) போகாது. ரவுண்டின் பழைய கனமும் கூடவே திரும்பி வந்தது. இளவட்டங்கள் முனகினார்கள். எஸ்எல்ஆர் தூக்கிய நாங்கள் நாலு பேர் கண்டுகொள்ளவில்லை.

படையில் பெரும்பான்மையோர் கைக்கு வருவது ஏகே-203. 2021 டிசம்பரில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ரைபிள்களுக்கு ஒப்பந்தம். உத்தரப்பிரதேசம் அமேதி பக்கம் கோர்வாவில் தயாரிப்பு. நான் அதைச் சுட்டதில்லை. ஆனால் 7.62×39 எனக்குப் புதிதல்ல. 300 மீட்டர் வரை ராஜா, அதைத் தாண்டினால் குண்டு சரசரவென்று கீழே இறங்கும். சேறு, மணல், பனி எதற்கும் அசராத குணம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு. நம் திருச்சித் தொழிற்சாலையும் இதே ரவுண்டில் ஒரு ரைபிள் செய்கிறது.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். சிக்கும் 7.62, ஏகே-யும் 7.62. ஒன்றின் ரவுண்டு மற்றதில் நுழையாது. தோட்டாப் பெட்டி மாறிப் போனால் காவல் போஸ்டில் இருப்பவன் பாடு திண்டாட்டம். ஆகவே எல்லைக் கோட்டில் எதிர் மலையைப் பார்த்து உட்காரும் யூனிட்டுக்கு முழுக்க சிக், ஊருக்குள்ளும் காட்டுக்குள்ளும் தேடப் போகிறவர்களுக்கு முழுக்க ஏகே என்று பிரித்துவிட வேண்டும், கலக்கவே கூடாது. இன்சாஸை அவசரப்பட்டு ஓரங்கட்டத் தேவையில்லை. ரெக்ரூட்டின் முதல் ஃபயரிங்குக்கு அதைவிடத் தோதான ரைபிளை நான் இன்னும் பார்க்கவில்லை.