ஐயாவின் சட்டை ஊக்கு: காரைக்குடியில் பழைய படங்களை ஸ்கேன் செய்த அனுபவம்

பள்ளத்தூர் வீட்டில் இரண்டாம் கட்டை, அதாவது உள்முற்றத்துப் பகுதியை, சுத்தம் செய்தபோது அப்பத்தாவின் தகரப்பெட்டி கிடைத்தது. உள்ளே 43 படங்கள், முக்கால்வாசி பர்மாவில் எடுத்தவை. சிலவற்றின் மூலையைக் கரையான் தின்றிருந்தது. காரைக்குடியில் ஒரு மாடி ஸ்டுடியோவில் கொடுத்து, போன வாரம்தான் வாங்கி வந்தேன். இப்படிப் பெட்டி வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய இருப்பதால் எழுதுகிறேன்.

முதலில் வேறு ஊர்க் கடை ஒன்றில் ஒரே ஒரு படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். கலர் ஏற்றி, கன்னத்தை மழமழவென்று ஆக்கித் தந்தார்கள். அப்பச்சி (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) வாங்கிப் பார்த்துவிட்டு, "இது யாருப்பா?" என்றார். அவரைப் பெற்ற ஐயாவின் படம் அது.

காரைக்குடிக்காரர் வேறு மாதிரி. இரண்டாம் நாளே போன் செய்தார். "அண்ணே, கழுத்துக்கிட்ட கோடு மாதிரி இருக்கே, அது கீறலா ஊக்கா? கீறல்னா எடுத்துடுறேன், ஊக்குன்னா கை வைக்க மாட்டேன்." நேரில் போனேன். 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து திரை நிறையக் காட்டினார். ஊக்குதான். ஐயாவுக்கு அப்போது 17 வயது, பர்மாவில் மோல்மேன் ஊரில் ஒரு கடையில் பெட்டியடிப் பையன், அதாவது தொழில் பழகும் எடுபிடி. காதில் கடுக்கன், நெற்றி நிறைய விபூதி. சட்டை யாருடையதோ, கழுத்துப் பக்கம் தொளதொளவென்று இருந்ததை மடித்து ஊக்குக் குத்தியிருக்கிறார். உள்ளங்கை அளவுப் படத்தில் இத்தனை வருஷமாக எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை.

பின்பக்கங்களையும், நான் சொல்லாமலே, அவர் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். இந்தப் படத்தின் பின்னால் பென்சிலில்: "பிரசோற்பத்தி வருஷம் ஆவணி. ஆத்தாளுக்கு. சௌக்கியம். இளைக்கவில்லை." அதாவது 1931. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பார்க்க, போனால் மூன்று வருஷக் கணக்கு முடிந்துதான் ஊர் திரும்ப முடியும். அதுவரை ஆத்தா பார்க்க இந்தப் படம்தான். அந்த ஊக்கை அழித்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

1941 டிசம்பர் 23 அன்று ரங்கோனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். அடுத்த வருஷம் ஐயா அரக்கான் வழியாக நடந்தே வந்து சேர்ந்தார். கடையில் இருந்த பேரேடு, படம் எதுவும் வரவில்லை. தபாலில் ஊருக்கு அனுப்பியது மட்டும் தப்பியது. அதனால் எங்களிடம் இருப்பது, ஆத்தாமார்களுக்குக் காட்ட நினைத்த பர்மா மட்டும்தான். எல்லோரும் நிமிர்ந்து நிற்கிறார்கள், யாரும் வேலை செய்வதாக ஒரு படம்கூட இல்லை.

ஊர் வந்தபின் எடுத்த படம் ஒன்று, ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. பிய்த்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும் என்று சொல்லி, கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்தார். ஓரத்தில் லேசாக வெளிச்சம் அடிக்கிறது, அது பரவாயில்லை. சில படங்களில் கறுப்பு இருக்கும் இடமெல்லாம் நீலமாக மினுங்கியது. அது படத்தில் இருக்கும் வெள்ளி மேலே வருவது, துணியால் தேய்க்கக் கூடாது என்றார். நான் ஏற்கெனவே இரண்டைத் தேய்த்துவிட்டேன்.

இருபுறமும் ஸ்கேன் செய்ய ஒரு படத்துக்கு 80 ரூபாய். கீறல், கறை சரிசெய்வதற்குச் சேதத்தைப் பார்த்துத் தனியாகச் சொல்கிறார். விலை நியாயம்தான். ஆனால் இரண்டு வாரம் என்றது ஐந்து வாரம் ஆனது, நடுவில் போனும் எடுக்கவில்லை. அசல் படங்கள் அவரிடம் இருக்கும்போது அது சரியில்லை. அந்த நாட்களில் எனக்குத் தூக்கமே இல்லை. கொடுக்கும்போதே எத்தனை படம் என்று எண்ணி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். படிக்கட்டு செங்குத்து, பெரியவர்களைக் கூட்டிப் போக வேண்டாம்.

என்னைப் பெற்ற ஆத்தா வீட்டுப் பக்கத்துப் படங்களையும் இவரிடமே கொடுக்கப்போகிறேன். அப்புறம், மோல்மேன் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வீட்டுப் பட்டாலையில் (கூடத்தில்) மாட்டியாயிற்று. அப்பச்சி தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் அந்த ஊக்கைப் பார்க்கிறார்.