ஓப்பன்ஸ்டாக் பிளேஸ்மென்ட்: ஹோஸ்டின் திறனை அறிவிக்கும் சேவை பற்றி ஒரு மதிப்பாய்வு

மேகக் கணிமைக்கான திறந்த மூல மென்பொருளான ஓப்பன்ஸ்டாக்கில் ஒரு மெய்நிகர் இயந்திரத்தை எந்த ஹோஸ்டில் (அதைத் தாங்கி இயக்கும் கணினியில்) ஏற்றுவது என்று முடிவெடுக்க வேண்டுமானால், ஒவ்வொரு ஹோஸ்டும் தன்னிடம் என்ன இருக்கிறது என்பதை ஓரிடத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். இப்போது அந்த இடம் பிளேஸ்மென்ட். 2016இல் நியூட்டன் வெளியீட்டில் மெய்நிகர் இயந்திரங்களை நிர்வகிக்கும் நோவா என்ற பகுதியின் ஓர் அங்கமாக வந்து, 2019இல் ஸ்டெயின் வெளியீட்டில் தனித் திட்டமாகப் பிரிந்த இந்தச் சேவையை, ஹோஸ்டின் திறனை அறிவிக்கும் கருவி என்ற அளவில் மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன். பதிவு செய்வதில் இது கெட்டிக்காரச் சேவை. ஏன் இடமில்லை என்று கேட்டால் மட்டும் வாய் திறப்பதில்லை.

இதன் அடிப்படை எளிது. எண்ணக்கூடியவை எல்லாம் இருப்புக் கணக்கில் சேரும்: மெய்நிகர் செயலிகள், நினைவகம், வட்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் மொத்தம் எவ்வளவு, ஒதுக்கி வைத்தது எவ்வளவு, எத்தனை மடங்கு கூடுதலாகப் பங்கிடலாம் என்ற விவரங்கள் அதில் இருக்கும். உண்டு, இல்லை என்று மட்டுமே சொல்லக்கூடியவை ‘ட்ரெய்ட்’ என்ற பெயரில் தனியே நிற்கும். செயலியில் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுப்பு உண்டா, ஒரே வால்யூமை (மெய்நிகர் சேமிப்பு வட்டை) பல இயந்திரங்களோடு இணைக்க ஹோஸ்டால் முடியுமா என்பன இந்த வகை. பொதுவான ட்ரெய்ட் பெயர்கள் ஓஎஸ்-ட்ரெய்ட்ஸ் என்ற நூலகத்தில் வரையறுக்கப்பட்டுள்ளன. நிர்வாகி தானே உருவாக்கும் பெயர் ‘கஸ்டம்’ என்ற முன்னொட்டோடுதான் தொடங்க வேண்டும். இந்தக் கண்டிப்பு வரவேற்கத்தக்கது. ஒரே திறனுக்கு ஆளுக்கொரு பெயர் வைக்கும் குழப்பத்தை அது தொடக்கத்திலேயே தடுத்துவிடுகிறது.

முந்தைய முறையோடு ஒப்பிட்டால் இதன் அருமை விளங்கும். அப்போது நோவாவில் ஹோஸ்டைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான ஷெட்யூலர் ஹோஸ்டுகளை எல்லாம் திரட்டிக்கொண்டு, தகுதியற்றவற்றைக் கழிக்கும் ஃபில்டர்களுக்குள் ஒவ்வொன்றாகத் தள்ளும். ஃப்ளேவரில், அதாவது இயந்திரத்தின் அளவையும் தேவைகளையும் வரையறுக்கும் வார்ப்பில், முன்னொட்டு இல்லாமல் எழுதிய ஒரு கூடுதல் விவரத்தை, ஹோஸ்டின் திறனைப் பார்க்கும் ஃபில்டரும் ஹோஸ்ட் குழுக்களைப் பார்க்கும் ஃபில்டரும் தத்தமக்கு உரியதாக எடுத்துக்கொண்டு, தகுதியான ஹோஸ்டையும் சேர்த்தே கழித்துவிடும். 2018இல் குவீன்ஸ் வெளியீட்டிலிருந்து, ஃப்ளேவரில் ஒரு ட்ரெய்ட்டை ‘ரெக்வயர்ட்’ என்று குறித்தால் போதும். தேவையற்றவை தரவுத்தள வினவலிலேயே விலகிவிடுகின்றன. அதே ஆண்டின் ராக்கி வெளியீடு, ‘ஃபர்பிடன்’ என்று குறித்து ஒரு திறனைத் தவிர்க்கும் வசதியையும், ஹோஸ்டின் மெய்நிகராக்க மென்பொருளோடு நோவாவை இணைக்கும் லிப்வர்ட் டிரைவர் செயலியின் திறன்களைத் தானாகவே அறிவிக்கும் வழக்கத்தையும் கொண்டுவந்தது.

இந்த அமைப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு, 2019இன் ட்ரெயின் வெளியீட்டில் வந்த ஒரு ட்ரெய்ட்டைக் காட்டலாம். பராமரிப்புக்காக ஒரு ஹோஸ்டின் கம்ப்யூட் சேவையை (அங்கே இயங்கும் நோவாவின் சேவையை) முடக்கி வைத்தால், ‘முடக்கப்பட்டது’ என்ற பொருளுள்ள ட்ரெய்ட் அந்த ஹோஸ்டின் மீது ஏறுகிறது. ஷெட்யூலரோ ஒவ்வொரு வினவலிலும் அந்த ட்ரெய்ட்டைத் தடை செய்தே கேட்கிறது. ஆயிரக்கணக்கான ஹோஸ்டுகள் உள்ள இடத்தில் இதன் பயன் பெரிது. பிளேஸ்மென்ட்டிடம் நோவா இயல்பாகக் கேட்கும் விடைகளின் உச்சவரம்பு 1000. அந்த ஆயிரத்தில் முடங்கிய ஹோஸ்டுகள் இடத்தை அடைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும் அல்லவா?

குறைகளுக்கு வருவோம். கட்டளை வரியில் ஒரு ஹோஸ்டுக்கு ட்ரெய்ட் அமைக்கும் ‘செட்’ கட்டளை, புதியதைப் பழையவற்றோடு சேர்ப்பதில்லை. கொடுத்த பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் அகற்றிவிடும். ஒரே ஒரு கஸ்டம் ட்ரெய்ட்டைச் சேர்க்க நினைக்கும் நிர்வாகி, இருப்பவற்றை முதலில் பட்டியலிட்டு, அத்தனையையும் மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டும். டிரைவர் அறிவித்த செயலித் திறன்களை நோவா பின்னர் திரும்ப எழுதிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கையால் வைத்த மற்ற கஸ்டம் ட்ரெய்ட்டுகள் போனவை போனவைதான். 2020இன் விக்டோரியா வெளியீடு முதல், கஸ்டம் ட்ரெய்ட்டுகளை ஹோஸ்டிலேயே ஒரு யாமல் கோப்பில் (எளிய உரை வடிவ அமைப்புக் கோப்பில்) எழுதி வைக்க முடிகிறது. கட்டளையை நம்புவதைவிட இந்த வழியையே பரிந்துரைப்பேன். கோப்பை மாற்றினால் கம்ப்யூட் சேவையை மறுதொடக்கம் செய்ய வேண்டியிருக்கும் என்றாலும் அது தாங்கக்கூடிய தொல்லையே.

இதைவிடப் பெரிய குறை, நான் முதலில் சொன்ன மௌனம். பொருத்தமான ஹோஸ்ட் கிடைக்காதபோது பயனர் காண்பது ‘செல்லுபடியாகும் ஹோஸ்ட் இல்லை’ என்ற ஒரு வரி. ஷெட்யூலரின் பதிவேட்டைத் திறந்தாலும், பிளேஸ்மென்ட்டிலிருந்து விடை எதுவும் வரவில்லை என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் கிடைக்காது. நினைவகம் போதவில்லையா, ஒரு ட்ரெய்ட் பொருந்தவில்லையா என்று அதிலிருந்து பிரித்தறிய வழியில்லை. அதே வினவலைக் கையால் எழுதி, நிபந்தனைகளை ஒவ்வொன்றாக நீக்கி, எதை நீக்கும்போது ஹோஸ்டுகள் தலைகாட்டுகின்றன என்று பார்ப்பதுதான் நடைமுறையில் கைகொடுக்கிறது. பழைய ஃபில்டர்கள் மெதுவானவை என்றாலும், எந்த ஃபில்டருக்குப் பின் எத்தனை ஹோஸ்டுகள் மிஞ்சின என்பதையாவது பதிவேட்டில் எழுதி வைத்தன.

நூமா அமைப்பைப் பற்றிய கேள்விகளுக்கு பிளேஸ்மென்ட்டில் விடை தேட வேண்டாம். எந்த நினைவகம் எந்தச் செயலிக் கூட்டத்தோடு ஒட்டியிருக்கிறது என்ற விவரத்தை நோவா அங்கே கொண்டுசெல்வதில்லை. ஆகவே, செயலிகளைப் பிணைத்து இயக்கும் ஃப்ளேவர்களை வழங்குவோர், பிளேஸ்மென்ட்டுக்குப் பிறகு இன்றும் இயங்கும் ஃபில்டர்களில் ஒன்றான நூமா ஃபில்டரை ஷெட்யூலரின் பட்டியலிலிருந்து எடுத்துவிடக் கூடாது.